எந்தப் பெண்ணின் கதை, யாருடைய குரலில்?

என் மேசையில் நான்கு நோட்டுகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெண். நான்கு பேரும் போரைக் கடந்து வந்தவர்கள். அவர்களில் மூன்று பேரைப் பற்றி வரலாற்றில் ஒரு வரிகூடக் கிடையாது. ஒருத்திக்கு மட்டும் வரி உண்டு, ஆனால் அந்த வரியே அவளை மறைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு வருஷமாக நான்கையும் மாற்றி மாற்றி எழுதி, எதையும் முடிக்காமல் வைத்திருந்தேன். நாவல் என்றால் ஒருத்தியோடு மூன்று நான்கு வருஷமாவது வாழ வேண்டும். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மூடிவைத்தாக வேண்டும்.

சென்னையில் எழுதுகிறவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் இன்னும் சிலர் இதே இடத்தில் நிற்பதைப் பார்க்கிறேன். வீட்டில் ஒரு பாட்டி இருந்திருப்பார், ஏதோ ஒன்றைச் சொல்லாமலே போயிருப்பார். எழுத ஆசை இருக்கும், எங்கே கை வைப்பது என்று தெரியாது. அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எனக்கு உதவியாக இருந்த ஒரு கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். ‘மறைந்த அனுபவம்’ என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதை மறைத்தது யார்? அவளிடம் யாருமே கேட்கவில்லையா? கேட்டும் அவள் சொல்லவில்லையா? அவள் சொல்லியும் கேட்டவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லையா? இந்த மூன்றும் வேறு வேறு. ஒன்றுக்குப் பொருந்தும் எழுத்து மற்றதற்குப் பொருந்தாது. இதைப் பிரித்துப் பார்த்தபிறகுதான் என் நான்கு நோட்டுகளும் எனக்கே சரியாகப் புரிந்தன.

முதல் நோட்டு, ஜான்சிராணி படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் பெண்கள் படை அமைக்க அழைப்பு விட்டார். அந்த வருஷம் அக்டோபர் 22-ம் தேதி பயிற்சி முகாம் திறந்துவிட்டது. தலைமை ஏற்றவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், நம் ஊர்க்காரர். 1914-ல் சென்னையில் பிறந்து, 1938-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டுச் சிங்கப்பூர் போனவர். கேப்டன் லட்சுமி என்று ஊரே அறியும். படையில் பெரும்பாலானவர்களோ மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள்.

தகவலைப் பொறுத்தவரை இதுதான் சுலபமான தேர்வு. புகைப்படங்கள் இருக்கின்றன, பேட்டிகள் இருக்கின்றன, நாள் வாரியாகக் குறிப்பு எடுக்கலாம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில், ஜப்பான்காரன் காலத்தைப் பற்றித் தமிழில் பேசியவர்களின் குரலையே கேட்கலாம். கதைக்கும் பஞ்சமில்லை. துப்பாக்கி, காக்கி உடை, கத்தரித்த கூந்தல், 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கி பாங்காக் நோக்கிப் போன நீண்ட பயணம். நாவலுக்கு வேண்டியதெல்லாம் தயாராக இருப்பது போலத்தான் தெரியும்.

எனக்கு அங்கேதான் பயம் வந்தது. எழுதி வைத்தவர்கள் படித்த பெண்கள். நான் தேடுகிறவள் பால்மரம் வெட்டியவள், கையெழுத்துப் போடத் தெரியாதவள். லயத்தில், அதாவது தோட்டத்துக் குடியிருப்பு வரிசையில், பட்டினி கிடந்ததால் சேர்ந்தாளா, கங்காணியின் கண்ணிலிருந்து தப்பிக்கச் சேர்ந்தாளா, தேசத்துக்காகச் சேர்ந்தாளா, அல்லது மூன்றுக்குமா? 1945-க்குப் பிறகு உடையைக் கழற்றிவிட்டு அதே லயத்துக்குத் திரும்பிய அன்று அவள் அம்மா என்ன சொன்னாள்? பட்டாளத்துக்குப் போய் வந்தவளை யார் கட்டிக்கொண்டார்கள்? புகழ் ஒரு வெளிச்சம். அது முகத்தில் அடித்தால் முதுகுப்புறம் இருட்டாகிவிடும்.

வங்கதேசத்தில் இது வேறு விதமாக நடந்தது. 1971 போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களை அங்கே ‘பீராங்கனா’ என்று, வீராங்கனை என்ற பொருளில், அரசே மரியாதையாக அழைத்தது. அந்தப் பெயரே பலருக்கு அடையாளக் குறியாகிவிட்டது. ஊர் விரல் நீட்டியது, குடும்பங்கள் அவர்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தின. கௌரவமும் ஒரு பெண்ணை மறைக்கும். ஜான்சிராணி படையைப் பற்றி எழுதப்போகிறவர்கள் அணிவகுப்பை நாலு பக்கத்தில் முடித்துவிட்டு, வீடு திரும்பிய நாளிலிருந்து நாவலைத் தொடங்கினால் நன்றாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை எழுதத் தோட்டத்து வாழ்க்கை தெரிந்த கை வேண்டும். என் கை அதுவல்ல.

இரண்டாவது நோட்டும் மலாயாதான். ரயில் பாதை வேலைக்காகச் சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, பிடித்துக்கொண்டு போகப்பட்டவனின் மனைவி. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர்கள் 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல், இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களின் சாவு இதைப்போலப் பல மடங்கு. தொண்ணூறாயிரம் என்று சில ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதில் மலாயாத் தமிழர்கள் எத்தனை பேர் என்று பெயர்ப் பட்டியல் போட அன்றைக்கு யாரும் உட்காரவில்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. சென்னையில் நந்தம்பாக்கத்தில் ஒரு போர்க் கல்லறை இருக்கிறதே, அதே மாதிரி வெட்டிய புல், அதே மாதிரி கல். தமிழனுக்கு அந்த வரிசையில் இடமில்லை. அவன் குழியில் போனான்.

அவனுக்கே கல் இல்லை என்றால் தோட்டத்தில் நின்றுபோன அவன் மனைவிக்கு என்ன இருக்கும்? மரவள்ளிக்கிழங்கு தின்று, சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டை வைத்துக்கொண்டு அவள் மூன்றரை வருஷம் கிடந்தாள். இந்தப் பக்கம் ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் இன்னொருத்தி இருந்தாள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் அவளுக்கு வந்துகொண்டிருந்த மணியார்டரும் கடிதமும் ஒரே நாளில் நின்றன. புருஷன் உயிரோடு இருக்கிறானா, தாலியோடு இருக்கலாமா கூடாதா என்று தெரியாமலே நாளை ஓட்டினாள். இவர்கள் கதையை இவர்கள் மறைக்கவில்லை. யாரும் கேட்கவே இல்லை. அவ்வளவுதான்.

யாரும் கேட்காத கதைக்குக் கற்பனை தாராளமாக இடம் கொடுக்கும். உயிரோடு இருக்கிற யாரையும் நாம் புண்படுத்திவிட மாட்டோம். சம்பவம் குறைவு, காத்திருப்புதான் கதை. தமிழில் இதை அழகாகச் செய்ய முடியும். ஆனாலும் இந்த நோட்டை நான் மூடியது ஒரு சாதாரணக் காரணத்துக்காக. எனக்கு மலாயா மண்ணின் வாசம் தெரியாது. விடியற்காலையில் பால்மரக் காட்டில் எப்படி இருக்கும் என்று நான் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன். மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் அந்தக் கதையை உள்ளிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் மணியார்டருக்குக் காத்திருந்தவளை மட்டும் எடுத்து எழுத இங்கே யாராவது இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். ஒரு தபால்காரர், ஒரு தெரு, மூன்றரை வருஷம். அது போதும்.

மூன்றாவது நோட்டைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க முகாம்களில் இருக்கிறார்கள். 2021-ல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். சென்னைக்குப் பக்கத்தில் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம் உண்டு. வெளியே வளசரவாக்கம், போரூர் பக்கம் வாடகை வீட்டில் இருப்பவர்களும் உண்டு. அப்படி ஒரு அக்காவோடு எனக்குப் பல வருஷப் பழக்கம். அவர் தம்பியைக் கொண்டுபோனது, செல்லடியில் பங்கருக்குள் இரண்டு நாள் இருந்தது, படகு ஏறியது எல்லாம் எனக்குத் தெரியும். தேநீர் குடிக்கும்போது, தோசை வார்க்கும்போது, பகுதி பகுதியாகச் சொன்னார்.

நான் அதைச் சிறுகதையாக எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், தம்பியை அண்ணன் ஆக்கினேன். ஒரு சிற்றிதழில் வந்தது. நல்ல கதை என்று நாலு பேர் பாராட்டினார்கள். யாரோ அதை அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த முறை போனபோது அவர் கோபப்படவில்லை. தேநீர் கொடுத்தார். “என்ர வீட்டு முற்றத்து முருங்கையைக்கூட நீர் விடேல்லையே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

மற்ற எல்லாவற்றையும் மாற்றிய நான் முருங்கையை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் கதையில் அதுதான் அழகாக இருந்தது. அவருக்கு மிச்சமிருந்ததும் அந்த மரத்தின் நினைவுதான்.

போர்ப் பெண்களைப் பற்றி எழுதும்போது ‘மௌனத்தை உடைக்கிறோம்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஈழத்துப் பெண்களுடையது மௌனமே இல்லை. படகில் இறங்கிய அன்றே சொன்னார்கள். போலீஸிடம் சொன்னார்கள், போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சிடம் சொன்னார்கள், படிவத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் 2017 பிப்ரவரியில் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் உட்கார்ந்தார்கள், வருஷக்கணக்காக உட்கார்ந்தார்கள். சொல்லிச் சொல்லி அவர்களுக்குத் தொண்டை வற்றிவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை. அங்கே சென்னைக்காரி ஒருத்தி கற்பனைக் குரலில் இன்னொரு தடவை சொல்வதால் என்ன ஆகப்போகிறது? அவர்களே எழுதுகிறார்கள், போராளியாக இருந்த பெண்களும் எழுதுகிறார்கள். ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து இதழ்களும் நூல்களும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த விஷயத்தில் என் வேலை வாசிப்பது, வாசித்ததை மற்றவர்களிடம் கொண்டுபோவது. எழுதுவது இல்லை.

மொழிச் சிக்கலும் இருக்கிறது. நம் ஊர் சினிமாவில் ‘வாங்கோ’, ‘போங்கோ’ என்று நாலு சொல்லைப் போட்டு ஈழத்தமிழ் என்று ஒப்பேற்றுவது போல நாவலில் ஒப்பேற்ற முடியாது. யாழ்ப்பாணம் வேறு, மட்டக்களப்பு வேறு, வன்னி வேறு. ஒரு சொல் பிசகினாலும் அந்தப் பெண் அந்நியப்பட்டுப் போவாள்.

உயிரோடு இருக்கிற பெண்ணின் கதையை எழுதுவதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் அவர் வாசிக்க வேண்டும். வாசிக்க விருப்பமில்லை என்றால் நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அந்தக் கதை பெட்டிக்குள் போக வேண்டும். பெயரை மாற்றுவதை அனுமதி என்று நினைத்தது என் தவறு.

நடுவில் ஐந்தாவது நோட்டு ஒன்று போடலாமா என்றும் யோசித்தேன். 1942 ஏப்ரல், சென்னை. ஐந்தாம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். பட்டணமே கிளம்பி ஓடியது. அரசாங்க அலுவலகங்கள் கடலோரத்தை விட்டு உள்மாவட்டங்களுக்குப் போயின. சென்ட்ரல் பக்கத்தில் அப்போதிருந்த மிருகக்காட்சிசாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். போனவர்களின் கதை கொஞ்சம் பதிவாகியிருக்கிறது. போக முடியாமல் இங்கேயே கிடந்த தெருக்கூட்டும் பெண், மீன்காரி, ஆஸ்பத்திரி ஆயா ஆகியோர் பதிவாகவில்லை. ஆராய்ச்சிக்கு இதைவிட வசதியான தேர்வு கிடையாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் கன்னிமாராவுக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் பஸ்ஸிலேயே போய்விடலாம், கதை நடக்கும் தெருவில் நடந்து பார்க்கலாம். முதல் முறையாக எழுதுகிறவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் சென்னைக்கு வந்தது போர் இல்லை, போர் பற்றிய பயம். அது ஒரு நல்ல நீள்கதைக்கு ஆகும். எனக்கு நாவல் வேண்டும்.

சரி, நான்காவது நோட்டு. என் ஆயா, அம்மாவின் அம்மா.

ஆயா ரங்கூனில் 1928-ல் பிறந்தவர். அன்றைக்கு ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23-ம் தேதி அங்கே குண்டு விழுந்தது. அதிலிருந்து சில மாதங்களில் லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவை நோக்கி நடந்தார்கள். ஆயாவின் குடும்பம் புரோம் வரை போய், ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலையில் டாங்குப் கணவாய் வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்து கடற்கரைக்கு வந்திருக்கிறது. தண்ணீர் இல்லாத பாதை, காலரா விழுந்த பாதை. அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங், கல்கத்தா, கடைசியாகப் பரமக்குடிப் பக்கம் சொந்த ஊர். போர் முடிந்து கல்யாணமாகி மறுபடி ரங்கூன். 1964-ல் அங்கே கடைகளை நாட்டுடைமையாக்கியதும் தமிழர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்களே, அந்தக் கூட்டத்தில் 1965-ல் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தவர். பிறகு வியாசர்பாடிதான்.

இரண்டாவது வருகையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். கப்பலில் கொடுத்த சோறு, சுங்கத்தில் பிடுங்கிக்கொண்ட மோதிரம், பர்மா பஜாரில் தாத்தா முதலில் போட்ட கடை, அத்தோவுக்கு இங்கே சரியான நூடுல்ஸ் கிடைக்காமல் திண்டாடியது. முதல் வருகையைப் பற்றிக் கேட்டால் “நடந்து வந்தோம்” என்பார். அப்புறம் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பார்.

ஒரு விஷயம் மட்டும் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரும் ஆயா முன்னால் நடக்கக் கூடாது. “எழுப்பு. எழுப்பிட்டு நட” என்பார். கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாப்பில், எங்கே என்றாலும். நாம் எழுப்பாவிட்டால் அவரே வந்து குழந்தையின் உள்ளங்காலைக் கிள்ளுவார். குழந்தை வீரிட்டு அழும். அழுததும் ஆயாவின் முகம் தெளிந்துவிடும். “இப்ப போ” என்பார். மாமா ஒருத்தர் இதற்காகவே ஒருமுறை சண்டை போட்டுக்கொண்டு போனார். கிழவிக்குப் பிடிவாதம் என்று எல்லோரும் நினைத்தோம், நானும்தான்.

2011-ல் ஆயா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பெரியவர் பேச்சுவாக்கில், “ரங்கூன்ல இருந்து கெளம்புறப்ப உங்க ஆயாவோட பொறந்தவங்க மொத்தம் அஞ்சு பேரு. கரை சேந்தது நாலு” என்றார். எனக்கு அப்போதுதான் அந்த உள்ளங்கால் கிள்ளல் புரிந்தது. புரிந்ததாக நினைக்கிறேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இது நான் முதலில் சொன்னதில் இரண்டாவது வகை. கேட்டும் அவர் சொல்லவில்லை, மனதறிந்து சொல்லவில்லை. எழுபது வருஷம் காவல் காத்த ஒன்றை நான் எழுதலாமா? கொரியாவில் கிம் ஹாக் சுன் என்ற அம்மையார், ஜப்பான் ராணுவம் தன்னைப் பாலியல் அடிமையாக வைத்திருந்ததை 1991 ஆகஸ்ட் 14-ம் தேதிதான் பகிரங்கமாகச் சொன்னார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் சொன்னதைப் பார்த்துப் பல நாடுகளில் மற்ற பெண்களும் முன்வந்தார்கள். அவர் வாயைத் திறந்தது அவர் முடிவு, அவர் குறித்த நாள். ஆயாவுக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. அல்லது வந்தும் அவர் வேண்டாம் என்று விட்டிருக்கலாம்.

இவ்வளவு தயக்கம் இருந்தும் இந்த நோட்டைத்தான் எடுத்திருக்கிறேன். அந்த மௌனத்தின் விலையைக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி, அதனால். குழந்தையாக என் காலையும் அவர் கிள்ளியிருக்கிறார். இது எனக்கு வெளியே நடந்த கதை இல்லை.

அடுத்த கேள்வி, யார் சொல்வது? இதைப் பேசிப் பேசித் தீர்க்க முடியாது, எழுதிப் பார்த்தால்தான் தெரியும். கணவாயில் நடக்கும் ஒரே ஒரு பக்கத்தை மூன்று விதமாக எழுதினேன்.

முதலில் ‘நான்’ என்று, ஆயாவின் குரலில். அவருடைய பேச்சு எனக்கு அத்துப்படி என்பதால் வேகமாக வந்தது. “தங்கச்சி தூங்குறான்னுதான் நெனச்சோம்” என்று ஆரம்பித்தது. வாசித்த நண்பர்கள் கண் கலங்கினார்கள். ஆனால் எனக்கு ஒட்டவில்லை. இந்த ஆயா யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்? பெற்ற மகளிடம்கூடச் சொல்லாத பெண், முகம் தெரியாத வாசகரிடம் முந்நூறு பக்கம் கொட்டித் தீர்ப்பாரா? தன்மையில் எழுதினால் உருக்கம் சுலபமாக வரும். சொல்ல மறுத்த பெண்ணுக்குச் சொல்ல வைக்கும் வாயைக் கொடுத்துவிட்டால் அவர் மறுத்தது எங்கே போயிற்று? யாரும் கேட்காத பெண்ணுக்கு ‘நான்’ பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்த மணியார்டர்க்காரி பேசட்டும், அவளுக்குப் பேச ஆசை இருந்திருக்கும். ஆயாவுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, பேத்தி தேடிப்போகிற கதை. இப்போது நிறைய நாவல்கள் இப்படி வருகின்றன. பேத்தி பழைய டிரங்குப் பெட்டியைத் திறப்பாள், ஒரு புகைப்படம் கிடைக்கும், விமானம் ஏறுவாள். இதில் நேர்மை இருக்கிறது. தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துக் காட்டலாம். நானும் நாற்பது பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் நாற்பது பக்கத்திலும் என் அழுகை, என் பயணம், என் குற்ற உணர்வு. நடந்தவர் பின்னணியில் எங்கோ புள்ளியாகத் தெரிந்தார். கட்டுரைக்கு அது சரி. இந்தக் கட்டுரையில்கூட அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நாவலில் வேண்டாம் என்று கிழித்துப்போட்டேன்.

மூன்றாவது, படர்க்கை. பதினாலு வயதுப் பெண், அவளுக்கு ரொம்பப் பக்கத்தில் நின்று, அவள் கண் பார்ப்பதை மட்டும் எழுதுவது. மனதுக்குள் நுழைந்து விளக்கம் சொல்வது கிடையாது. அந்தப் பக்கம் இப்படி வந்தது:

அம்மா நின்றாள். சின்னவளை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினாள். மறுபடி நடந்தாள். அம்மாவுக்குப் பின்னால் நடந்த பெரியவளின் கண்ணுக்கு நேரே சின்னவளின் பாதங்கள் ஆடிக்கொண்டு வந்தன. மேட்டில் ஏறினார்கள், இறங்கினார்கள். வெயில் சாய்ந்தது. அதற்கப்புறம் அம்மா தோள் மாற்றவேயில்லை.

இவ்வளவுதான். சாவு என்ற சொல் அந்தப் பக்கத்தில் இல்லை. மேற்கொண்டு எழுத வேண்டும் போலக் கை துடித்தது, அடக்கிக்கொண்டேன். பெரியவள் அங்கே தங்கையின் உள்ளங்காலைக் கிள்ளிப் பார்த்தாளா என்பதை நாவலில் எங்கும் எழுதப்போவதில்லை. பின்னால் கிழவியாகி வியாசர்பாடியில் அவள் பிள்ளைகளின் காலைக் கிள்ளுவதை மட்டும் எழுதுவேன்.

பாலியல் வன்முறையை எழுதுவதிலும் இதே கேள்விதான் வருகிறது. ‘கற்பழிப்பு’ என்ற சொல்லை முதலில் தூக்கிப்போட வேண்டும். அந்தச் சொல் குற்றத்தைச் செய்தவனை விட்டுவிட்டுப் பெண்ணிடம் எதையோ இல்லாமல் ஆக்குகிறது. அப்புறம், அந்தக் காட்சியை உச்சக்கட்டமாக வைக்கும் பழக்கம். போரில் பெண்ணுக்கு நடந்தது அது ஒன்றுதான் என்பது போல ஆகிவிடுகிறது. பசி, மாதவிலக்குக்குத் துணி கிடைக்காதது, நடைபாதையில் பிரசவம், இருட்டில் ஒதுங்கப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமலே இருந்தது, யாருக்குச் சோறு போடுவது யாருக்கு இல்லை என்று தாய் முடிவெடுத்தது, இதெல்லாம் எழுதப்படாமலே போகிறது. மறைந்து கிடப்பதில் பெரும்பகுதி இதுதான். ஒரே அடியாகத் தவிர்த்துவிடுவதையும் நான் ஏற்கவில்லை. ‘அதற்குப் பிறகு அவள் பேசவேயில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவினால், குடும்பங்கள் செய்ததையே நாவலும் செய்கிறது. நடந்ததை நேராக, சுருக்கமாக, அழகுபடுத்தாமல் சொல்லிவிட்டு, அடுத்த நாள் காலை அவள் என்ன செய்தாள் என்பதில் பத்துப் பக்கம் நிற்கலாம்.

ஆதாரம் எவ்வளவு வேண்டும் என்றும் கேட்பீர்கள். பாதை, மாதம், நோய், எந்த ஊரில் படகு கிடைத்தது, இதிலெல்லாம் பிசகக் கூடாது. பிப்ரவரியில் நடந்தவர்கள் மேல் மே மாத மழையைப் பெய்ய வைத்தால் விஷயம் தெரிந்தவர் புத்தகத்தை மூடிவிடுவார். ஆனால் அரசுக் கோப்பில் கிடைப்பது எண்ணிக்கை. 1942-ல் பதினாலு வயதாக இருந்தவர்களுக்கு இன்றைக்குத் தொண்ணூற்றேழைத் தாண்டியிருக்கும். இனிக் கேட்க அவர்கள் பிள்ளைகள்தான் மிச்சம். அவர்களுக்கும் எழுபது ஆகிவிட்டது. நான்கு நோட்டில் எதை எடுப்பது என்று நீங்கள் ஆற அமர யோசியுங்கள், ஆனால் வீட்டில் இருப்பவர்களிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள்.

நான் அப்படித்தான் போன மாதம் அம்மாவிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். முருங்கை மரத்துக்குப் பிறகு வந்த பழக்கம் இது. ஆயா நடந்து வந்த கதையைப் பற்றி எப்போது கேட்டாலும் “எனக்கு ஒண்ணும் தெரியாதுடி” என்று சொல்லிவந்தவர் அம்மா. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். பாதங்கள் ஆடிய இடம் வந்ததும் கை நின்றது.

“கொலுசு இருந்துச்சு அந்தப் புள்ளைக்கு” என்றார். “அதைக் கழட்டித்தான் படகுக்காரனுக்குக் குடுத்தாங்களாம்.”

பிறகு மிச்சக் கீரையை ஆய ஆரம்பித்துவிட்டார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் சின்னவளின் பாதங்கள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. கொலுசை எழுதலாமா என்று அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.